வேர் வாடல்: மருந்தைத் தேடாதீங்க, மரத்தைத் தேடுங்க

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இப்போது இரண்டு தென்னை விவசாயிகள் சந்தித்தால் கொப்பரை விலைக்கு முன்னால் வருகிற பேச்சு ஒன்று இருக்கிறது. "உங்க தோப்புல வேர் வாடல் எத்தனை மரத்துக்கு வந்திருக்குதுங்க?" என்பதுதான் அது. கேரள வேர் வாடல் நோய் என்று பெயரிலேயே கேரளம் இருந்தாலும், எல்லையை ஒட்டிய கோவை, தேனி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அது குடியேறிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கிற நம்ம வட்டாரத்தில் அதன் கை ரொம்பவே ஓங்கியிருக்கிறது.

இயற்கை வேளாண்மை செய்கிற நண்பர்களும், செய்யலாமா என்று யோசிக்கிற நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு நம்ம முறையில என்ன மருந்துங்க?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து இல்லை. ரசாயனத்திலும் இல்லை, இயற்கை முறையிலும் இல்லை. ஆனால் மருந்து இல்லை என்றால் வழியே இல்லை என்று அர்த்தம் இல்லை. ஏன் மருந்து இல்லை என்று புரிந்துகொண்டால், வழி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

எது வேர் வாடல், எது இல்லை

மட்டை மஞ்சளானாலே வேர் வாடல் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம பகுதியில் மஞ்சளாவதற்கும் வாடுவதற்கும் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலாவது, சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் இது முதலில் கண்ணில் பட்டதே 2016ல், நம்ம பொள்ளாச்சிப் பகுதியில்தான். இலையின் அடியில் வட்ட வட்டமாக வெள்ளை முட்டை வரிசை, கீழ் மட்டைகளில் கரும்பூஞ்சை படிந்து கரி பூசினது போல் இருக்கும். மரம் சோர்ந்து போகும், ஆனால் இது வேர் வாடல் இல்லை.

இரண்டாவது, தஞ்சாவூர் வாடல். இது கேனோடெர்மா என்ற பூஞ்சாணத்தால் வருவது. அடிமரத்தில் செம்பழுப்பு நிறச் சாறு வடியும். மண் வழியாக, வேர் வழியாகப் பரவும். இதற்கு வேப்பம் புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா, போர்டோ கலவை ஊற்றுவது எல்லாம் பலன் தரும். வேர் வாடலுக்கு இதைச் செய்து, கேட்கவில்லையே என்று வருந்துகிறவர்கள் பாதிப்பேர் பெயர்க் குழப்பத்தில் செய்தவர்கள்.

மூன்றாவதுதான் நாம் பேசுகிற வேர் வாடல். முதல் அடையாளம் நிறத்தில் இல்லை, வளைவில் இருக்கிறது. ஓலையின் இலைகள் விறைப்பை இழந்து, விலா எலும்பு மாதிரி உள்பக்கமாக வளைந்து தொங்கும். பிறகு அடிமட்டைகள் மஞ்சளாகும், இலையின் ஓரம் கருகும். பாளை சிறுத்துக் கருகும், குரும்பை உதிரும். காய் பிடித்தாலும் பருப்பு மெலிசாக இருக்கும். கொப்பரை வளையும், உடையாது, எண்ணெய் குறையும். தோண்டிப் பார்த்தால் வேர்கள் அழுகியிருக்கும். பல மரங்களில் இதோடு குருத்து இலை அழுகலும் சேர்ந்துகொள்ளும். அது பூஞ்சாணத்தால் வருகிற தனி நோய், இளைத்தவனைப் பார்த்து ஏறிக்கொள்வது.

வேர் வாடல் மரத்தை உடனே கொல்லாது. வருஷக்கணக்கில் நிற்கும், தண்ணீர் குடிக்கும், எருவு தின்னும், காய் மட்டும் தராது. இன்னும் பாளை விடாத இளமரத்தில் வந்துவிட்டால், அது காய்ப்புக்கு வருவதே சந்தேகம்தான்.

நூறு வருஷம் பிடிபடாத கிருமி

1882ல் ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு, இன்றைய கோட்டயம் மாவட்டம் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் இந்த நோய் முதலில் கவனிக்கப்பட்டது. பிறகு திருவல்லா பகுதியிலும் கார்த்திகப்பள்ளியிலும் தலைகாட்டியது. 1980களின் நடுவில் கேரளத்தில் எடுத்த கணக்கெடுப்பில், திருவனந்தபுரம் முதல் திருச்சூர் வரை 8 மாவட்டங்களில் 4.1 லட்சம் ஹெக்டேர் பாதிப்பு, ஆண்டுக்கு 96.8 கோடி காய் இழப்பு என்று வந்தது. ஊர் ஊராக ஒரு தொழிலையே சாய்த்த நோய் இது.

ஆனால் காரணம் என்ன என்பது நூறு வருஷம் பிடிபடவில்லை. வேர் அழுகியிருப்பதைப் பார்த்து 'வேர் நோய்' என்று பெயர் வைத்தார்கள். பூஞ்சாணம் என்றார்கள், பாக்டீரியா என்றார்கள், நூற்புழு என்றார்கள், வைரஸ் என்றார்கள், சத்துக் குறைபாடு என்றும் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் சோதித்தார்கள், எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. இந்த நோய்க்காகவே காயங்குளத்தில் 1947ல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. இன்று அது மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம்.

விடைக்கான சாவி வேறு நாட்டில், வேறு பயிரில் கிடைத்தது. 1967ல் ஜப்பானில் தோய் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும், குட்டையாகிப்போகும் மல்பெரிச் செடிகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, செடியின் உணவுக் குழாய்க்குள் சுவரே இல்லாத நுண்ணுயிர்கள் இருப்பதைக் கண்டார்கள். அதுவரை வைரஸ் என்று நினைத்த பல நோய்களுக்குக் காரணம் இதுதான் என்று தெரிந்தது. இவற்றுக்கு இன்றைய பெயர் பைட்டோபிளாஸ்மா. 1983ல் நம்ம தென்னை வேர் வாடலிலும் இதே வகைக் கிருமி இருப்பதை மின்னணு நுண்ணோக்கி காட்டியது. நோயைக் கண்டு நூறு வருஷம், கிருமியைக் காண!

பைட்டோபிளாஸ்மாவை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். கத்தரிச் செடி காய்க்காமல் சின்னச் சின்ன இலையாகக் கொத்தாக விடுகிறதே, அந்தச் சிற்றிலை நோய் இதனால்தான். எள்ளில் பூ வரவேண்டிய இடத்தில் பச்சை இலையாக வருகிறதே, அதுவும் இதனால்தான். அந்தச் செடிகளைப் பிடுங்கிப் போடுகிறோமே தவிர, யாரும் மருந்தடித்துக் காப்பாற்றியதில்லை. தென்னை என்றதும் மனசு கேட்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

மரத்துக்குள் அது என்ன செய்கிறது

இலையில் தயாராகும் சர்க்கரையை வேருக்கும் பாளைக்கும் கொண்டுபோகிற குழாய்களுக்குள்தான் இந்தக் கிருமி வாழ்கிறது. நம்ம பாஷையில் சொன்னால், வாய்க்காலுக்கு உள்ளேயே குடியிருக்கிறது. வாய்க்கால் கெட்டால் கடைமடை காயும். தென்னைக்கு வேரும் காயும்தான் கடைமடை. வேர் அழுகலை நோயின் ஆரம்பம் என்று நினைத்து ஏமாந்தார்கள். உண்மையில் அது விளைவு.

2004ல் ஜப்பானில் வெங்காயத்தைத் தாக்கும் ஒரு பைட்டோபிளாஸ்மாவின் மரபணு முழுவதையும் படித்தார்கள். மற்ற உயிர்கள் தமக்கான சக்தியைத் தயாரிக்க வைத்திருக்கும் ஒரு முக்கியமான இயந்திரத்துக்கான மரபணுக்களே அதில் இல்லை. சமையலறை இல்லாத வீடு மாதிரி. எல்லாவற்றையும் செடியிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சாதாரணக் கிருமிகளைப் போல ஆய்வகக் கிண்ணத்தில் இதை வளர்த்து, மருந்து சோதித்துப் பார்ப்பது இவ்வளவு சிரமமாக இருக்கிறது.

இன்னும் சுவாரஸ்யமான செய்தி 2021ல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் இருந்து வந்தது. செடியின் செல்லுக்குள் பழைய புரதங்களை உடைத்துப் போடுகிற ஒரு குப்பை ஆலை உண்டு. எதை உடைக்க வேண்டுமோ அதற்குச் செல் ஒரு சீட்டு ஒட்டும். சீட்டு இருந்தால்தான் ஆலை உடைக்கும். ஆஸ்டர் என்ற பூச்செடி நோயை உண்டாக்கும் பைட்டோபிளாஸ்மா, சாப்05 என்ற ஒரு புரதத்தை விடுகிறது. அது செடியின் வளர்ச்சியை நடத்துகிற முக்கியமான புரதங்களைச் சீட்டே இல்லாமல் நேராக ஆலைக்கு இழுத்துப்போய் உடைத்துவிடுகிறது. செடி வயசுக்கு வராமல், கொத்துக் கொத்தாகத் தளிர் விட்டுக்கொண்டே கிடக்கிறது. பூச்சிக்கும் கிருமிக்கும் கொண்டாட்டம்.

இதில் நமக்கு முக்கியமானது அடுத்த பகுதி. அந்தக் குப்பை ஆலையில் ஒரு பாகத்தில் வெறும் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றினார்கள். அவ்வளவுதான், கிருமியின் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. இது கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடி ஒன்றில் செய்த ஆய்வு. தென்னையில் செய்தது இல்லை. தென்னையிலும் இதே புரதம் இதே வேலையைச் செய்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு பாடம் இருக்கிறது: நோயில் விழுகிற செடிக்கும் தாங்கி நிற்கிற செடிக்கும் இருக்கிற வித்தியாசம் மிகச் சின்னதாக இருக்கலாம், அது செடியின் பிறப்பிலேயே இருக்கலாம்.

ஏன் மருந்து வேலை செய்வதில்லை

இந்தக் கிருமியைப் பரப்புவது சாறு உறிஞ்சும் பூச்சிகள். தென்னையில் கண்ணாடி இறக்கைப் பூச்சியும், தத்துப்பூச்சி வகை ஒன்றும் பரப்புவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நோய் மரத்தின் சாற்றைக் குடித்த பூச்சியின் உடம்பில் கிருமி பெருகி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேரும். அடுத்த மரத்தில் வாய் வைக்கும்போது இறங்கும். அதற்குப் பிறகு அறிகுறி தெரிய மாசக்கணக்கு, சில சமயம் வருஷக்கணக்கு ஆகும். இன்றைக்குப் பச்சையாக நிற்கிற மரத்துக்குள் கிருமி எப்போதோ புகுந்திருக்கலாம்.

"அப்போ பூச்சியைக் கொன்னுட்டா?" என்று கேட்கலாம். கண்ணாடி இறக்கைப் பூச்சி வாழையிலும் வாழும். ஆனைமலை முதல் பாலக்காடு வரை தொடர்ச்சியாகத் தோப்பு. நடுவில் வாழை, பாக்கு. முப்பது நாற்பது அடி உயரத்தில் விஷம் அடித்து இதையெல்லாம் யார் துடைத்துவிட முடியும்? அடித்தால் முதலில் சாவது, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துகிற என்கார்சியா என்ற சின்னக் குளவிதான். ஒரு கஷ்டத்தோடு இன்னொரு கஷ்டத்தையும் கூட்டிக்கொள்வோம்.

ஆன்டிபயாட்டிக் ஊசி? அமெரிக்காவின் புளோரிடாவில், தென்னையை நேரடியாகக் கொன்றுவிடும் இன்னொரு பைட்டோபிளாஸ்மா நோய்க்கு ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி போடுகிறார்கள். நாலு மாசத்துக்கு ஒருமுறை போட வேண்டும், நிறுத்தினால் நோய் திரும்பும். அது அழகுக்கு நட்ட சாலையோர மரங்களுக்கு. இளநீர் குடிக்கிற மரத்தில் ஆன்டிபயாட்டிக் ஏற்றுவது பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

நம்ம பக்கமும் பாரபட்சம் இல்லாமல் பேச வேண்டும். பஞ்சகவ்யம், மீன் அமிலம், ஜீவாமிர்தம் எல்லாம் மண்ணுக்கும் பயிருக்கும் நல்லது, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் மரத்தின் உணவுக் குழாய்க்குள் இருக்கிற கிருமியை அவை விரட்டாது. 'இயற்கை மருந்து, மூணே மாசத்துல மரம் பச்சையாகும், மரத்துக்கு முன்னூறு ரூபாய்' என்று எங்கள் தோப்புக்கே ஒருவர் வந்தார். "எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டேன். அப்புறம் வரவில்லை. மழைக்குப் பிறகு எந்த மரமும் கொஞ்சம் பச்சை காட்டும். அந்தப் பச்சையை மருந்தின் கணக்கில் வரவு வைக்கிற வியாபாரம் நிறைய நடக்கிறது. இயற்கை என்று பெயர் போட்டிருந்தாலும் ஏமாற்று ஏமாற்றுதான்.

மண்ணால் முடிவது எது

நோயை விரட்ட முடியாது. ஆனால் நோய் வந்த மரத்தைக் காய்க்க வைக்க முடியும், அதுவும் ஆரம்ப நிலையில் இருந்தால். கேரளத்தில் நோய் தங்கிவிட்ட தோப்புகளில் பல வருஷம் செய்து பார்த்துத் தேறிய வழிகள் இவை. பெரும்பாலும் நாம் ஏற்கெனவே நம்புகிற வழிகள்தான்:

மரத்துக்கு வருஷம் 50 கிலோ மக்கிய தொழுவுரம், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு.

வட்டப்பாத்தியில் சணப்பையோ தட்டைப்பயறோ விதைத்து, பூக்கிற பருவத்தில் அப்படியே மடக்கி விடுவது.

மட்டை, ஓலை, நார்க்கழிவு எதையும் எரிக்காமல் மூடாக்காகப் போடுவது. கோடையில் தண்ணி விடாமல் காயப்போடாதீங்க. மழையில் பாத்தியில் தண்ணி தேங்கவும் விடாதீங்க.

மெக்னீசியம் குறைவு மஞ்சளைக் கூட்டும். மரத்துக்கு அரை கிலோ மெக்னீசியம் சல்பேட் பரிந்துரைக்கிறார்கள். அங்ககச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், போடும் முன் சான்றளிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்க.

குருத்து இலை அழுகல் சேர்ந்திருந்தால், அழுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, சூடோமோனாஸ் 50 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குருத்தின் அடியில் ஊற்றுவது.

ஊடுபயிரை விட்டுவிடாதீங்க. ஜாதிக்காய், கோகோ, மிளகு என்று ஆனைமலைப் பக்கம் ஏற்கெனவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தென்னை வருமானம் இறங்கும் வருஷங்களில் வீட்டை நடத்துவது அதுதான்.

எதை வெட்டுவது

வங்கியில் இருந்த காலத்தில், வாராக் கடன் என்று தெரிந்த பிறகும் அதற்கு மேலும் மேலும் கடன் கொடுத்துப் பச்சையாகக் காட்டுகிற பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். நோய் முற்றிய தென்னைக்கு எருவும் தண்ணீரும் வைப்பது அந்த மாதிரிதான். வருஷத்துக்குப் பத்துக் காய்கூடத் தராத மரத்தை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் பரிந்துரை. நோய் புதிதாக நுழைந்திருக்கிற இடத்தில், தோப்பில் ஒன்றிரண்டு மரத்தில் மட்டும் தெரிகிறது என்றால், காய்க்கிறதோ இல்லையோ அவற்றை உடனே எடுத்துவிடுவது நல்லது. அந்த ஒரு மரம்தான் பூச்சிக்குக் கிருமி வழங்கும் தொட்டி.

இலங்கையில் 2006ல் வெலிகம பகுதியில் இதே மாதிரி ஒரு இலை வாடல் நோய் வந்தபோது, எல்லை வகுத்து நோய் மரங்களை வெட்டித்தான் மற்ற பகுதிகளுக்குப் போகாமல் தடுக்க முயன்றார்கள். தனி ஆள் வெட்டினால் போதாது என்பதால், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் பேசிச் சேர்ந்து செய்தால்தான் பலன்.

வெட்டிய மரத்தைத் தோப்பிலேயே போட்டு வைக்காதீங்க. மக்குகிற தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அறுத்து வெளியேற்றுங்க. எருக்குழியில் பச்சை மஸ்கார்டின் பூஞ்சாணம் கலந்து வையுங்க.

தாங்கி நிற்கிற மரம்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நோய் மிகக் கடுமையான தோப்பில், சுற்றிலும் மரங்கள் சாய்ந்து கிடக்க, நடுவில் ஒரு மரம் மட்டும் தலை நிறைய மட்டையோடு, குலை குலையாகக் காய்த்து நிற்கும். இதைக் கேரளத்து விவசாயிகள் கவனித்தார்கள், ஆராய்ச்சியாளர்களும் கவனித்தார்கள். அந்த மரங்களைப் பட்டியல் எடுத்து, உள்ளே கிருமி இருக்கிறதா என்று சோதனை செய்து, இல்லை என்று தெரிந்தவற்றைத் தாய் மரமாக வைத்துத்தான் இன்றைய ரகங்கள் வந்திருக்கின்றன.

சாவக்காடு பச்சைக் குட்டையிலிருந்து தேர்ந்தெடுத்தது கல்பஸ்ரீ. மலேயன் பச்சைக் குட்டையிலிருந்து தேர்ந்தெடுத்தது கல்பரக்ஷா. சாவக்காடு பச்சைக் குட்டையைத் தாயாகவும் மேற்குக் கடற்கரை நெட்டையைத் தகப்பனாகவும் வைத்து உருவாக்கிய ஒட்டு கல்ப சங்கரா. கல்பஸ்ரீயில் கொப்பரை எடை குறைவு. கொப்பரை நம்பிப் பிழைக்கிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்க. இலங்கையின் வெலிகம நோயிலும் அங்கத்திய பச்சைக் குட்டை ரகம்தான் நன்றாகத் தாங்குகிறது. இவை எதிர்ப்புள்ளவை, நோயே வராதவை இல்லை. நூறு கன்று நட்டால் சிலதில் வரத்தான் செய்யும்.

நெட்டை மரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைத் தெரியாமல் விதைக்காய் எடுக்கக் கூடாது. குட்டை ரகம் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கும், அதனால் பிள்ளையும் தாய் மாதிரியே வரும். நெட்டை அப்படி இல்லை. பக்கத்து மரத்து மகரந்தத்தில் கருவுறும். தாய் தாங்கி நிற்கிற மரமாக இருந்தாலும், தகப்பன் நோயில் விழுந்த மரமாக இருக்கலாம். ஆகவே அந்த நல்ல மரத்தின் காயை அப்படியே முளைக்கப் போட்டு, எல்லாம் தாங்கும் என்று நம்பிவிட முடியாது. பாளையில் உறை கட்டி, நல்ல மரத்து மகரந்தத்தையே தூவி எடுக்கிற காய்தான் வேண்டும். அது ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து செய்கிற வேலை.

ஜமைக்காவின் அனுபவத்தையும் மறக்கக் கூடாது. அங்கே வேறொரு பைட்டோபிளாஸ்மா நோய்க்கு எதிர்ப்பு உள்ளது என்று மேபன் என்ற ஒட்டு ரகத்தையும் மலேயன் குட்டையையும் நாடெங்கும் நட்டார்கள். சில பத்தாண்டுகள் நன்றாக நின்றன. பிறகு அவையும் பெருமளவில் விழுந்தன. எதிர்ப்பு ரகம் என்று ஒரே ரகத்தை ஊர் முழுக்க நட்டால் கதை இதுதான். விதையில் பன்மை வேண்டும் என்று நாம் பேசுவது வெறும் பழம்பெருமைக்காக இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டிய வேலை

தோப்பில் மரத்துக்கு மரம் எண் போடுங்க. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். எந்த மரத்தில் எப்போது ஓலை வளைந்தது, வெட்டுக்கு வெட்டு எத்தனை காய் என்று எழுதிக்கொண்டே வாங்க. இரண்டு மூன்று வருஷத்தில் உங்கள் தோப்பின் நோய் வரைபடம் உங்கள் கையில் இருக்கும். சுற்றி நோய் மரங்கள் இருந்தும் பாதிக்காமல் நல்லாக் காய்க்கிற மரம் தென்பட்டால், அதை வெட்டிவிடாதீங்க, இடத்தை விற்றாலும் அதைச் சொல்லி விற்றுவிடுங்க. ஆழியார் நகரில் இருக்கிற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குத் தகவல் கொடுங்க. புதுக் கன்று வாங்கும்போது, தாய் மரம் எங்கே நிற்கிறது என்று கேட்டு வாங்குங்க. நோய் தோப்புக் கன்றை விலை மலிவு என்று கொண்டுவராதீங்க.

ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர்கள் எத்தனை தோப்பைச் சுற்ற முடியும்? லட்சக்கணக்கான மரங்களை தினமும் அண்ணாந்து பார்க்கிறவர்கள் நாம்தான். கிருமியைக் காட்டியது மின்னணு நுண்ணோக்கி. தாங்கி நிற்கிற மரத்தைக் காட்ட விவசாயியின் கண் வேண்டும். நல்ல கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும் என்றால், தேட ஆரம்பிக்க வேண்டியது இந்த வெட்டிலிருந்தே.